பாப்பாவை எந்தப் பள்ளியில் விடலாம்?

கேள்வி: எங்களுக்கு ஈரோடு. மகள் 2023 செப்டம்பரில் பிறந்தவள். 2026 ஜூனில் நான் வேலைக்குத் திரும்புகிறேன். காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை வரை. வீட்டில் மாமியார் இருக்கிறார், ஆனால் மூட்டுவலியால் பாப்பாவின் பின்னால் ஓட முடியாது. மூன்று இடம் பார்த்தோம். ஒன்று, ஊர் ஊருக்குக் கிளை உள்ள பள்ளி. ஏ.சி., ஸ்மார்ட் டி.வி., கேமராவை போனிலேயே பார்க்கலாம். வேனில் முக்கால் மணி நேரம். வருஷத்துக்கு 68,000 ரூபாய். "சூட்டிகையான பிள்ளை, நேராக எல்.கே.ஜி.யிலேயே போட்டுவிடலாம், இல்லாவிட்டால் ஒரு வருஷம் வீண்" என்கிறார்கள். இரண்டாவது, பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் நடக்கும் மாண்டிசோரி பள்ளி. 24 பிள்ளைகள், 32,000 ரூபாய். மூன்றாவது, எங்கள் வார்டு அங்கன்வாடி, நடந்தே போகலாம். அவள் இன்னும் டயப்பர்தான். இரண்டு வார்த்தை சேர்த்துத்தான் பேசுகிறாள். எதிர்வீட்டுப் பையன் இதே வயதில் ஒன்று முதல் ஐம்பது வரை எழுதினானாம். எதில் சேர்ப்பது?

— ஒரு தாய், ஈரோடு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த "ஒரு வருஷம் வீண்" என்ற பேச்சை முடித்துவிடுவோம். உங்களை அவசரப்படுத்துவது அதுதான்.

தமிழ்நாட்டில் எல்.கே.ஜி.யில் சேர, ஜூலை 31ஆம் தேதியன்று மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது. உங்கள் மகளுக்கு 2026 செப்டம்பரில்தான் மூன்று முடிகிறது. அப்படியென்றால் அவளுக்குரிய எல்.கே.ஜி. 2027 ஜூனில். 2028இல் யூ.கே.ஜி., 2029 ஜூனில் ஒன்றாம் வகுப்பு. அப்போது அவளுக்கு 5 வயது 9 மாதம் ஆகியிருக்கும். சரியான வயது அது. இப்போதே எல்.கே.ஜி.யில் உட்கார வைத்தால் 2028 ஜூனில் 4 வயது 9 மாதத்தில் ஒன்றாம் வகுப்பு வாசலில் நிற்பாள், வயது போதாது. அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். யூ.கே.ஜி.யையே திரும்பப் படிக்கச் சொல்வார்கள், அல்லது யாராவது பிறந்த தேதியை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று யோசனை சொல்வார்கள். இரண்டாவதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். பள்ளிப் பதிவில் ஏறும் தேதி பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை தொடரும்; பிறப்புச் சான்றிதழோடு அது ஒத்துப்போகாவிட்டால் பாஸ்போர்ட் எடுக்கும்போது தெரியும் அதன் கஷ்டம். கேந்திரிய வித்யாலயா உங்கள் மனதில் இருந்தால், அங்கே ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று ஆறு வயது முடிந்திருக்க வேண்டும். உங்கள் மகள் 2030இல்தான் போக முடியும்.

ஆக, வரும் ஜூனில் நீங்கள் தேடுவது அவளுக்கு ஒரு ப்ரீ-கேஜி, அதாவது விளையாடப் போகும் இடம். ப்ரீ-கேஜி படித்த சான்று இருந்தால்தான் எல்.கே.ஜி. என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சேர்க்காவிட்டால் எதுவும் கெட்டுவிடாது. நீங்கள் வேலைக்குப் போவதாலும், மாமியாரால் முழு நாளும் ஓட முடியாது என்பதாலும் சேர்ப்பது நல்லது, அவ்வளவே.

இனி எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வருவோம். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பள்ளி என்பது அங்கே இருக்கும் இரண்டு மூன்று பெரியவர்கள்தான். பாடத்திட்டம், சுவரில் வரைந்த பொம்மை, பெயர்ப்பலகை எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த மிஸ்ஸும் ஆயாவும் எத்தனை பேர், எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறார்கள், பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால் முக்கால்வாசி முடிவு கைக்கு வந்துவிடும்.

எண்ணிக்கைக்கு ஒரு அளவு இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் முன்பருவக் கல்விக்கான தேசியக் கொள்கை, மூன்று வயதுக்குக் கீழே பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், மூன்று முதல் ஆறு வயது வரை இருபது பிள்ளைக்கு ஒருவர் என்று வைத்தது. தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்குக் குழந்தை உரிமைகள் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இருபது பிள்ளைக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் வேண்டும் என்கின்றன. உங்கள் மகள் சேரும்போது மூன்று முடிந்திருக்காது. எனவே பத்துக்கு ஒருவர் என்பதையே உங்கள் அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதை அலுவலக அறையில் கேட்டால் "எங்களிடம் எட்டு டீச்சர் இருக்கிறார்கள்" என்பார்கள். அதில் அலுவலகத்தில் இருப்பவர், பாட்டு மிஸ், வாரம் ஒருநாள் வருபவர் எல்லாரும் அடக்கம். ஆகவே வேலை நாளில் காலை பத்தரை மணிக்கு வகுப்பு வாசலில் நின்று தலையை எண்ணுங்கள். எண்ணிய பிறகு ஒரு கேள்வி: "ஆயா ஒரு பிள்ளையைக் கழிவறைக்குக் கூட்டிப் போனால் மீதிப் பிள்ளைகளோடு யார்?" இன்னொன்று: "இந்த மிஸ் லீவு போட்டால் யார் வருவார்?" இதற்கு டக்கென்று ஒரு பெயரைச் சொன்னால் ஏற்பாடு இருக்கிறது. "பார்த்துக்குவோங்க" என்றால் இல்லை. பிறகு, கடந்த ஜூனில் இந்த வகுப்பில் இருந்த மிஸ் இப்போதும் இருக்கிறாரா என்று கேளுங்கள். வருஷத்தில் மூன்று மிஸ் மாறும் இடத்தில் சின்னப் பிள்ளை மூன்று முறை புதிதாக அழுது பழக வேண்டும். குறைந்த சம்பளம் கொடுத்துவிட்டுக் கட்டடத்துக்குப் பணத்தைக் கொட்டும் பள்ளிகளில் இது சகஜம்.

பார்க்கப் போகும் நேரம் முக்கியம். ஆண்டு விழாவன்றோ, சேர்க்கைக்கென்று அலங்கரித்து வைத்த சனிக்கிழமையிலோ போய்ப் பயனில்லை. ஒருமுறை சொல்லிவிட்டு வேலை நாளில் பத்து மணிக்குப் போங்கள். அரை மணி நேரமாவது ஒரு மூலையில் உட்கார அனுமதி கேளுங்கள். இரண்டாவது முறை சொல்லாமல், பிள்ளைகளை விடும் நேரத்துக்குப் போய் வாசல் கேட் அருகே நில்லுங்கள். எல்லாரும் களைத்திருக்கும் அந்த நேரத்தில்தான் ஒரு பள்ளியின் நிஜக்குரல் கேட்கும். மிஸ் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பேசுகிறாரா? பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா? அழும் பிள்ளையைத் தூக்குகிறாரா, அல்லது "அழுதா அம்மா வர மாட்டாங்க", "பூச்சாண்டிகிட்ட புடிச்சுக் கொடுத்துடுவேன்", "இருட்டு ரூம்ல போட்டுடுவேன்" என்கிறாரா? கடைசி வகைப் பேச்சு ஒருமுறை காதில் விழுந்தாலே அந்த இடம் வேண்டாம். வாயில் விரல் வைத்து முப்பது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தால் ஒழுங்கு என்று மெச்சாதீர்கள். இரண்டரை வயதுப் பிள்ளைகள் பயத்தில் மட்டுமே அப்படி உட்காருவார்கள். கையில் மண்ணோ பொம்மையோ வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருந்தால் அதுதான் இந்த வயதின் இயல்பு.

அடுத்து கழிவறை. இதைப் பார்க்காமல் எந்தப் பள்ளியிலும் பணம் கட்டாதீர்கள். காட்ட மறுத்தால் அதுவே பதில். சிறுபிள்ளை உட்காரும் உயரத்தில் பேசின் இருக்கிறதா, தரை ஈரமாக வழுக்குகிறதா, உள்பக்கம் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டுமா (எட்டக்கூடாது, உள்ளே பூட்டிக்கொண்டு திறக்கத் தெரியாமல் தவிப்பார்கள்), கை கழுவ எட்டும் குழாய் உண்டா, சோப்பு உண்டா என்று பாருங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளும் ஆண் பணியாளர்களும் அதே கழிவறையைப் பயன்படுத்துகிறார்களா என்றும் கேளுங்கள். உங்கள் மகளைக் கழுவி உடை மாற்றுவது யார், அவர் பெயர் என்ன, அவரையே நேரில் பார்க்க முடியுமா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆண் ஓட்டுநரோ காவலாளியோ எந்தக் காரணத்துக்காகவும் அந்த வேலையைச் செய்யக்கூடாது.

டயப்பரைப் பற்றி நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு முதல் மூன்றரை வயதுக்குள் பிள்ளைகள் பகலில் பழகிவிடுவார்கள்; வித்தியாசம் பெரிது. ஜூனுக்கு முன் கோடை விடுமுறையில் பழக்குங்கள். காலையில் எழுந்ததும், பிறகு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறையும், சாப்பிட்ட பின்பும் குழந்தைகளுக்கான சிறு கழிப்பு இருக்கையில் உட்கார வையுங்கள். வீட்டில் பகலில் டயப்பரைக் கழற்றிவிட்டு, இலகுவாகக் கழற்றக்கூடிய பருத்தி ஜட்டி போடுங்கள். நனைந்தது தெரிந்தால்தான் சொல்லத் தோன்றும். வீட்டில் சொல்லும் வார்த்தை "உச்சா"வோ "மூச்சா"வோ எதுவானாலும், அதைப் பள்ளியில் எழுதிக் கொடுங்கள். வேறு சொல் பழகிய மிஸ்ஸுக்குப் பிள்ளை சொல்வது புரியாமல் நனைந்து நிற்பது அடிக்கடி நடக்கும் சங்கடம். பழகாமலே ஜூன் வந்துவிட்டாலும் பரவாயில்லை. "டயப்பரை எத்தனை மணிக்கு மாற்றுவீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். மூன்றரை மணி நேரப் பள்ளியில் ஒருமுறையாவது மாற்ற வேண்டும். "ஈரம் பண்ணினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்" என்ற பள்ளி உங்கள் வேலை நேரத்துக்கு ஒத்துவராது. நனைத்ததற்குத் திட்டும் பள்ளி எந்தப் பிள்ளைக்கும் ஒத்துவராது.

பாதுகாப்பில் பலரும் பார்க்கத் தவறும் ஒன்று தரையில் இருக்கிறது. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் எல்.கே.ஜி. படித்த பிள்ளை கழிவுநீர்த் தொட்டியின் துருப்பிடித்த மூடி உடைந்து உள்ளே விழுந்து இறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மதுரையில் ஒரு மழலையர் பள்ளி வளாகத்துத் தண்ணீர்த் தொட்டியில் நான்கு வயதுப் பிள்ளை விழுந்து இறந்தது. ஆகவே வளாகத்தைச் சுற்றி நடந்து சம்ப், செப்டிக் டேங்க், கிணறு, போர்வெல் குழி எங்கே என்று நீங்களே கண்டுபிடியுங்கள். மூடி காங்கிரீட்டா, இரும்பென்றால் துரு இருக்கிறதா, பூட்டு இருக்கிறதா? மூடியின் மேல் நாற்காலியோ பூந்தொட்டியோ வைத்து மறைத்திருந்தால் நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். வாளியிலும் தொட்டியிலும் தேங்கிய நீர் வேண்டவே வேண்டாம். சின்னப் பிள்ளை மூழ்க ஒரு சாண் தண்ணீர் போதும்.

பிறகு தாள்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளை இழந்த மாநிலம் இது. அங்கீகார ஆணை, கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பாருங்கள். வகுப்பு தரைத்தளத்தில் இருக்க வேண்டும். அறையிலிருந்து வெளியே வர இரண்டு வழி இருந்தால் நல்லது. சமையலறையும் கேஸ் சிலிண்டரும் பிள்ளைகள் இருக்கும் அறையை ஒட்டி இருக்கக்கூடாது. வீட்டில் நடக்கும் பள்ளியில் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். வீடாகக் கட்டியதைப் பள்ளியாக மாற்றும்போது மாடிப்படிக்குக் கதவு, பால்கனிக் கம்பி இடைவெளி, பிளக் பாயிண்ட் உயரம் இதெல்லாம் விட்டுப்போகும். இடத்துக்கும் 2013 கொள்கையில் அளவுண்டு. முப்பது பிள்ளைக்கு 35 சதுர மீட்டர் அறை, அதாவது ஏறக்குறைய 375 சதுர அடி. வெளியே விளையாட 30 சதுர மீட்டர். 24 பிள்ளைகள் உள்ள அந்த வீட்டின் ஹாலை அடியால் அளந்து பாருங்கள், 300 சதுர அடியாவது வேண்டும்.

ஏ.சி.யும் கேமராவும் பற்றி: கேமரா இருப்பது நல்லதே. ஆனால் போனில் பார்க்கும் வசதி என்றால் உங்கள் பிள்ளையை எல்லாப் பெற்றோரும், அவர்கள் போனைக் கையில் வைத்திருக்கும் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம், புகார் வந்தால் காட்டுவார்களா என்று கேளுங்கள். அலுவலகத்திலிருந்து நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு வேலை ஓடாது. ஒரு மிஸ்ஸைச் சேர்த்துப் போட்டிருந்தால் உங்கள் மகளுக்கு அதைவிடப் பயன். ஸ்மார்ட் டி.வி. இந்த வயதுக்குத் தேவையே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டுதலில், இரண்டு முதல் நான்கு வயதுவரை திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்றுதான் சொல்லியிருக்கிறது. வீட்டில் பார்ப்பதே அதற்கு மேல் போகும் காலத்தில் பள்ளியும் பாட்டை டி.வி.யில் ஓடவிட்டால், மிஸ் வாய் திறந்து பாட வேண்டியதில்லை என்றாகிவிடும்.

எதிர்வீட்டுப் பையனின் ஐம்பது வரை எண்களைப் பற்றி. பிள்ளை கையெழுத்து ஒரு வரிசையில்தான் வளரும். இரண்டு வயதில் நேர்கோடு இழுப்பார்கள். மூன்றில் வட்டத்தைப் பார்த்து வரைவார்கள். நான்கை ஒட்டிக் கூட்டல் குறி, நான்கரை வாக்கில் சதுரம், ஐந்தில்தான் முக்கோணம். சாய்கோடு கடைசியில்தான் கைக்கு வரும். மூன்று வயதில் மணிக்கட்டு எலும்புகள் பலவும் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பென்சிலை மூன்று விரலால் பிடிக்கும் பிடி நாலரை, ஐந்து வயதில்தான் பலருக்கும் அமையும். அதற்குமுன் எழுத வைத்தால் முஷ்டியால் இறுக்கிப் பிடித்து, தோளிலிருந்து இழுத்து எழுதுவார்கள். அந்தப் பிடி அப்படியே உறைந்துவிடக்கூடும். பின்னால் மாற்றுவது கடினம், வேகமாக எழுதும்போது கை வலிக்கும். ஐம்பது வரை எழுதும் பிள்ளையிடம் ஏழு புளியங்கொட்டையைக் கொடுத்து எண்ணச் சொன்னால் பல நேரம் ஒன்பது என்பார்கள். உருவம் தெரியும், அளவு தெரியாது. உங்கள் மகள் மூன்று இட்லி எது, இரண்டு இட்லி எது என்று பார்த்துச் சொன்னால் அவள் கணக்கைத் தொடங்கிவிட்டாள்.

எனவே ப்ரீ-கேஜிக்குப் பென்சில், கோடு போட்ட நோட்டு, வீட்டுப்பாடம், மாதத் தேர்வு என்று எங்கே கேட்டாலும் எச்சரிக்கையாகுங்கள். 2022ஆம் ஆண்டின் அடிப்படைக் கட்டத்துக்கான (மூன்று முதல் எட்டு வயது வரை) தேசியக் கலைத்திட்டச் சட்டகம், இரண்டாம் வகுப்பு முடியும் வரை தேர்வு என்பது பொருந்தாத முறை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பென்சிலுக்குப் பதில் அங்கே இருக்க வேண்டியவை: பிசைந்து உருட்ட மாவு அல்லது களிமண், கோர்க்கப் பெரிய மணி, கிழித்து ஒட்டக் காகிதம், ஊற்றி நிரப்பத் தண்ணீரும் குவளையும், மணல், ஏற இறங்கப் படிகள், தினமும் கதை. இவை உயரமான அலமாரியில் பூட்டியிருந்தால் காட்சிக்கு வைத்தவை. முனை தேய்ந்து, அழுக்கு ஏறிக் கிடந்தால் பிள்ளைகள் கையாளுகிறார்கள்.

மாண்டிசோரி என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். தடுக்கச் சட்டம் கிடையாது. பிள்ளைகள் பொருட்களைக் கையாண்டு தாமே கற்கும் இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரியே 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் முறைப்படி பயின்ற ஆசிரியர்கள் நம் மாநிலத்தில் இருக்கிறார்கள், ஆனால் பலகைகளின் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு. நிஜமா என்று பார்க்கச் சில அடையாளங்கள்: இரண்டரை முதல் ஆறு வயது வரை ஒரே அறையில் கலந்து இருப்பார்கள். ஒவ்வொரு பொருளும் ஒரே ஒரு செட்தான் இருக்கும். வேண்டுமென்றால் அடுத்த பிள்ளை காத்திருக்கும். அடுக்கும் இளஞ்சிவப்புக் கனசதுரங்கள் பத்து இருக்கும், ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து வரை. உப்புத்தாள் எழுத்தை விரலால் தடவுவார்கள். பெல் அடித்து அரை மணிக்கொருமுறை பாடம் மாற்றமாட்டார்கள். பிள்ளை ஒரு பாயை விரித்து, எடுத்ததை முடித்து, எடுத்த இடத்தில் வைக்கும். நடத்துபவரிடம் எங்கே, எத்தனை மாதம் பயிற்சி பெற்றார் என்று கேளுங்கள். இவை எதுவும் இல்லை, ஆனால் மிஸ் அன்பாக இருக்கிறார், பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்றால், பலகையைப் பொருட்படுத்தாமல் அதை நல்ல விளையாட்டுப் பள்ளி என்று எடுத்துக்கொள்ளலாம்.

பேச்சு. இரண்டு வயதில் ஐம்பது வார்த்தையளவும், இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதும் எதிர்பார்ப்பு. மூன்று முடியும்போது மூன்று சொல் வாக்கியமும், வெளியாட்களுக்கு அவள் பேசுவதில் முக்கால்வாசி புரிவதும் வர வேண்டும். அவள் இப்போது இருக்கும் நிலையைப் பார்த்துப் பதற வேண்டாம். திரையைக் குறைத்து, குளிக்கும்போதும் காய் நறுக்கும்போதும் அவளோடு பேசுங்கள். மாமியாருக்கு ஓட முடியாவிட்டாலும் கதை சொல்ல முடியும், அது இந்த வயதில் எந்தப் பள்ளியும் தர முடியாத பாடம். செப்டம்பர் வந்தும் மூன்று சொல் சேரவில்லை, அல்லது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, விரலால் சுட்டிக் காட்டுவதில்லை, முகம் பார்ப்பதில்லை என்றால் காத்திருக்காமல் முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். அரசுத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும், கட்டணம் இல்லை. "பள்ளியில் போட்டால் பேச்சு தானா வந்துடும்" என்பதை நம்பி ஒரு வருஷம் இழக்காதீர்கள்.

இதோடு தொடர்புடையது பள்ளியின் மொழி. தமிழிலேயே இரண்டு வார்த்தை பேசும் பிள்ளையை, தமிழ் பேசினால் திருத்தும் வகுப்பில் விட்டால் அவள் வாயை மூடிக்கொள்வாள். தாகம், வலி, பயம் இந்த மூன்றையும் அவள் எந்த மொழியில் சொல்வாளோ அதே மொழியில் அவளுக்குப் பதில் கிடைக்க வேண்டும். ஆங்கிலப் பாட்டு நாலு கற்றுக்கொள்வதில் தவறில்லை. "இங்கே தமிழ் பேசக்கூடாது" என்று பலகை மாட்டிய இடம் அவளுக்கு வேண்டாம்.

அங்கன்வாடியைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அது மூன்றாவது இடத்துக்குத் தள்ள வேண்டிய ஒன்றல்ல. 1975 அக்டோபர் 2இல் நாட்டில் தொடங்கிய திட்டம் அது. நம் மாநிலத்தில் இரண்டு வயதிலிருந்தே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். மதிய உணவு, முட்டை, எடை உயரப் பதிவு, மருத்துவக் குழுவின் பரிசோதனை எல்லாம் உண்டு. "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்ற பாடத்திட்டம் பாட்டும் கதையும் விளையாட்டுமாக நன்றாக அமைந்தது. பென்சில் பிடிக்க வைக்கும் தனியார் பள்ளிகள் பலவற்றைவிட வயதுக்குப் பொருத்தமானது. சிக்கல் எங்கே வரும் என்றால், ஒரே பணியாளர் பாடமும் எடுத்து, பதிவேடும் எழுதி, கணக்கெடுப்புக்கும் கூட்டத்துக்கும் போக வேண்டியிருக்கும். அவர் போன நாளில் உதவியாளர் சமையலையும் பிள்ளைகளையும் ஒன்றாகப் பார்ப்பார். ஆகவே மூன்று நாள் தொடர்ந்து பதினொரு மணிக்கு எட்டிப் பாருங்கள். மூன்று நாளும் பணியாளர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தால், கழிவறை சுத்தமாகப் பயன்பாட்டில் இருந்தால், அதில் சேர்ப்பதற்கு எந்தத் தயக்கமும் வேண்டாம். "பால்வாடியிலயா விடறீங்க?" என்று கேட்பவர்கள் உங்கள் மகளுக்குச் சோறு ஊட்டப்போவதில்லை.

உங்கள் சூழலுக்கு முடிவு இது. முதல் பள்ளி வேண்டாம். வேனில் முக்கால் மணி போக, முக்கால் மணி வர என்றால் மூன்றரை மணி நேர வகுப்புக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். அதுவும் வேனில் ஆயா இல்லாமல் என்றால் பேச்சுக்கே இடமில்லை. வயது போதாத பிள்ளையை எல்.கே.ஜி.யில் போடலாம் என்று சொன்னதே அவர்கள் மேல் நம்பிக்கை வைக்க முடியாததற்குக் காரணம். மற்ற இரண்டில், அங்கன்வாடியில் மேலே சொன்ன மூன்று நாள் சோதனை தேறினால் அங்கே சேருங்கள். தேறாவிட்டால் வீட்டுப் பள்ளி, ஆனால் 24 பிள்ளைக்கு இரண்டு மிஸ்ஸாவது, ஓர் ஆயாவாவது இருந்தால் மட்டும். இரண்டிலும் அவளை மதியமே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டால் மாமியாரோடு தூங்கிவிடுவாள். அவருக்கு ஓட்டமும் பாதியாகக் குறையும்.

32,000 ரூபாய் என்பதில் எது அடக்கம் என்று எழுத்தில் வாங்குங்கள். சேர்க்கைக் கட்டணம், புத்தகம், சீருடை, மாறுவேடப் போட்டி, ஆண்டு விழா உடை என்று தனித்தனியாகக் கேட்டால் மேலே போய்விடும். முழு வருஷத்துக்கும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். பருவத்துக்கொருமுறை கட்டினால் பிள்ளைக்கு ஒத்துவராதபோது வெளியே எடுக்கத் தயங்கமாட்டீர்கள். மிச்சமாகும் பணத்தோடு ஒரு செய்தியும்: 2027 எல்.கே.ஜி. சேர்க்கையில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம். சிறுபான்மையினர் அல்லாத தனியார் பள்ளிகளில், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள். எட்டாம் வகுப்பு வரை கட்டணம் இல்லை. ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருந்தால் வருமானச் சான்று, அல்லது பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. போன்ற பிரிவினரென்றால் சாதிச் சான்று போதும். விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் வரும். 2025இல் நிதிச் சிக்கலால் அக்டோபர் வரை தள்ளிப்போனது. எனவே சான்றுகளை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். சேர்க்கைக்குப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நேர்காணல் வைப்பதை அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது.

சேர்த்த பிறகு முதல் மூன்று வாரம். நீங்கள் வேலையில் சேரும் நாளும் அவள் பள்ளியில் சேரும் நாளும் ஒன்றாக இருக்கவே கூடாது. குறைந்தது மூன்று வாரம் முன்னால் தொடங்குங்கள். முதல் இரண்டு நாள் நீங்களும் கூட இருந்து ஒரு மணி நேரம். மூன்றாம் நாளிலிருந்து "அம்மா போயிட்டு, நீ வாழைப்பழம் சாப்பிட்டு முடிச்சதும் வர்றேன்" என்று சொல்லி அரை மணி நேரம் வெளியே போங்கள். சொன்னபடி அந்த நேரத்துக்கு வந்து நில்லுங்கள். இரண்டாம் வாரம் இரண்டு மணி நேரம், மூன்றாம் வாரம் முழு நேரம். அவள் பார்க்காதபோது நழுவிப் போகாதீர்கள். திரும்பிப் பார்த்து நீங்கள் இல்லையென்றால் மறுநாள் உங்கள் சேலைத் தலைப்பை விடமாட்டாள். வழக்கமாகப் பிடித்திருக்கும் துணியோ பொம்மையோ ஒன்றைப் பையில் வையுங்கள். திங்கட்கிழமையும் நீண்ட விடுமுறைக்கு அடுத்த நாளும் அழுகை திரும்பி வரும், அது இயல்பு. விட்டுவிட்டு வந்து பத்து நிமிடத்தில் விளையாடத் தொடங்கினாளா என்பதுதான் கணக்கு. அதை மிஸ்ஸிடம் கேளுங்கள்.

டிபன் டப்பாவில் வேர்க்கடலை, முழுத் திராட்சை, பொரிகடலை, கடின மிட்டாய் வைக்க வேண்டாம். ஐந்து வயது வரை இவை மூச்சுக்குழாயில் சிக்கும். திராட்சையை நீளவாக்கில் நாலாகக் கீறிக் கொடுங்கள். முதல் வருஷம் சளி, காய்ச்சல் அடிக்கடி வரும். ஆறு முதல் எட்டு முறை வந்தாலும் அது பலவீனம் இல்லை, உடம்பு கிருமிகளோடு பழகுகிறது. காய்ச்சல், வாந்தி, கை கால் வாயில் கொப்புளம் இருக்கும் பிள்ளையை அனுப்பக்கூடாது என்று பள்ளி உறுதியாக இருக்கிறதா என்பதைச் சேர்க்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அழைத்துப் போக வருபவர்களின் பெயர், போட்டோ, போன் எண்ணைப் பள்ளியில் எழுதிக் கொடுத்து, அதில் இல்லாதவரிடம் அனுப்பக்கூடாது என்று கையெழுத்து வாங்குங்கள்.

நான்கு வாரம் தாண்டியும் நாள் முழுக்க அழுகிறாள், பழகிய கழிவறைப் பழக்கம் போய்விட்டது, ராத்திரி திடுக்கிட்டு எழுகிறாள், ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரைச் சொன்னாலே ஒளிகிறாள், உடம்பில் காரணம் சொல்ல முடியாத காயம் இருக்கிறது என்றால் அன்றே பள்ளியை நிறுத்திவிட்டு விசாரியுங்கள். அவளைக் குறுக்கு விசாரணை செய்யாமல், விளையாடும்போது "இன்னைக்கு யாரு கழுவிவிட்டாங்க, யாரு சோறு ஊட்டினாங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். சந்தேகம் வலுத்தால் குழந்தைகள் உதவி எண் 1098. எந்த நேரமும் எடுப்பார்கள். கட்டிய பணத்தை நினைத்து ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.